விடியா முனையும் ஏற்காட்டுச் சுவரும்

போன ஐப்பசி மழையில அப்பா குளியலறையில வழுக்கி விழுந்துட்டார். பெருசா ஒண்ணும் இல்லை. முழங்கையில சிராய்ப்பு, இடுப்புல ரத்தக்கட்டு. ஆனா வயசு 81. டாக்டர் மாத்திரையை எழுதிட்டு, "பிடிச்சு எழுந்திருக்க சுவத்துல ஒரு கம்பி போட்டுடுங்க, அதுதான் முக்கியம்"னு சொல்லி அனுப்பினார்.

ஒரு கைப்பிடிக் கம்பி. நாலு ஓட்டை, நாலு திருகாணி. இதுக்காக சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி யார் வருவாங்க? கூப்பிட்ட ஆளு "மழை விடட்டும் சார்"னுட்டார். ஆபீஸ்ல இத்தனை வருஷம் ஆணி புடுங்கின நமக்கு வீட்டுல ஒரு ஆணி அடிக்கத் தெரியாதான்னு ரோஷம் வந்து, கீழ இறங்கிப் போய் ஒரு கார்ட்லெஸ் டிரில் வாங்கிட்டு வந்தேன். டப்பா மேல 18 வோல்ட்னு போட்டிருந்தது. பக்கத்துலயே ஒரு குட்டிச் சுத்தியல் படம், அதாவது ஹாமர் வசதி இருக்காம். கூடவே நூத்துச் சொச்சம் பிட்டு, திருப்புளி முனை, ரால்பிளக்கு எல்லாம் ஒரு பெட்டியில. கடைக்காரர் அதைத் திறந்து காட்டினப்ப நகைக்கடையில உக்காந்த மாதிரியே இருந்துச்சு.

எங்க வீடு ஏரிக்கு மேல இருக்கிற பழைய கல் வீடு. சுவர் ஒண்ணரை அடி அகலம். டிரில்லை வச்சு அமுக்கினேன். கிர்ர்ர்ருன்னு காது கிழியுது, கை நடுங்குது, பத்து நிமிஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தா நாலு மில்லிமீட்டர் பள்ளம். பிட்டு நுனி நீலமா மாறி மழுங்கிப் போச்சு. ரெண்டு அங்குலம் தள்ளி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கிற சுண்ணாம்புச் சாந்துல வச்சேன். வாழைத்தண்டுல போற மாதிரி போச்சு! மளமளன்னு நாலு ஓட்டை, நாலு பிளக்கு, கம்பி மாட்டியாச்சு. செல்போன்ல படம் கூட எடுத்துகிட்டேன்.

மறுநாள் ஓடு மாத்த வந்த மேஸ்திரி கை கழுவ உள்ள போனார். கம்பியைப் பார்த்தார். ஒத்தைக் கையால ஒரு இழு. கம்பி, பிளக்கு, ஒரு பிடி சுண்ணாம்பு மணல் எல்லாம் சேர்ந்து அவர் கையோட வந்துடுச்சு.

"இதைப் பிடிச்சுகிட்டு அய்யா எழுந்திரிச்சிருந்தா என்ன தம்பி ஆயிருக்கும்?"

அவர் சிரிச்சுகிட்டுத்தான் கேட்டார். எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அடுத்த ரெண்டு வாரம், ஓட்டை போடுற கருவியோட வரலாறா தேடித் தேடிப் படிச்சேன். அதான் இந்த நீளமான கொசுவத்தி. பொறுத்துக்கங்க மக்களே.

முதல்ல அந்தக் கல். சேர்வராயன் மலை முழுக்க இருக்கிற அந்தக் கருநீலச் சாம்பல் பாறைக்கு சார்னோக்கைட்டுன்னு பேரு. பேர் வந்த கதை கொஞ்சம் விநோதம். கல்கத்தாவை உருவாக்கினவர்னு வெள்ளைக்காரங்க கொண்டாடின ஜாப் சார்னோக்கோட சமாதி அங்கே செயின்ட் ஜான் தேவாலயத்துல இருக்கு. அந்தக் கல்லறைக் கல்லு நம்ம மெட்ராஸ் பக்கம், பல்லாவரம் வட்டாரத்துல இருந்து போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல இந்தப் பாறை வகைக்கு அந்தச் செத்துப்போன மனுஷன் பேரையே வச்சுட்டார். 1900-ல அவர் எழுதின பெரிய அறிக்கையில தென்னிந்தியா முழுக்க இருக்கிற இதே குடும்பத்துப் பாறைங்க வருது. நம்ம சேர்வராயனும் அதுல உண்டு.

அதுக்குள்ள என்ன இருக்குன்னா குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன். குவார்ட்ஸோட கடினத்தன்மை மோஸ் அளவுல 7. சாதாரண எஃகு பிட்டு 6-ஐ ஒட்டித்தான் நிக்கும். ஆக, நான் சுவரை அறுத்துகிட்டு இருந்தேன்னு நினைச்ச பத்து நிமிஷமும் சுவர்தான் என் பிட்டை அறுத்துகிட்டு இருந்திருக்கு.

பல்லாவரம்னதும் இன்னொருத்தர் ஞாபகத்துக்கு வர்றார். 1863 மே 30-ம் தேதி அதே பல்லாவரத்துல ஒரு சரளைக் குழியில பழைய கற்காலக் கருவியை எடுத்தார் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியாவுல ஆதிமனுஷன் வாழ்ந்தான்னு ஆதாரத்தோட காட்டினது அந்தக் கல்தான். அந்த ஃபூட் 1891-ல வேலையில இருந்து ஓய்வு பெற்று வந்து தங்கின இடம் எதுன்னு நினைக்கறீங்க? நம்ம ஏற்காடு. 1912-ல இறந்தார். இங்க ஹோலி டிரினிட்டி தேவாலயத்துல அவர் நினைவுக் கல் இருக்கு. அந்த வழியா நூறு தடவை போயிருப்பேன், உள்ள போய்ப் பார்த்தது இந்த ஓட்டை விவகாரத்துக்கு அப்புறம்தான். வாழ்க்கை முழுக்க கருவிகளைப் பொறுக்கினவர். சேர்த்ததெல்லாம் 1904-ல சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. எழும்பூர் போனா இன்னிக்கும் பார்க்கலாம்.

சேர்வராயன், ஜவ்வாது மாதிரி மலைகள்ல புதிய கற்காலத்து வழுவழு கைக்கோடாரிங்க மண்ணுக்குள்ள இருந்து கிடைச்சுகிட்டே இருக்கும். மலை சனங்க அதை எடுத்து மரத்தடியில, சின்னக் கோயில்கள்ல வச்சுக் கும்பிடுவாங்க. ஒரு காலத்துக் கருவி இன்னொரு காலத்துல சாமி ஆயிடுது. (எங்க வீட்டுப் பரண்ல ஒரு பழைய டிரில் கிடக்கு. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.)

புதிய கற்கால ஆளுங்க கல்லுல ஓட்டையும் போட்டிருக்காங்க. நடுவுல துளையோட உருண்டைக் கல்லு, தோண்டுற குச்சிக்கு எடையா மாட்டினதுன்னு சொல்றாங்க. அந்தத் துளை உடுக்கை மாதிரி இருக்கும், ரெண்டு பக்கமும் அகலம், நடுவுல குறுகல். ஏன்னா ரெண்டு பக்கத்துல இருந்தும் கொத்திக் கொத்தி நடுவுல சந்திக்க வச்சிருக்காங்க. சுத்தவே இல்லை, அடிதான். இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

சுத்துற வித்தை தனியா வளர்ந்தது. பலுசிஸ்தானத்துல மெஹர்கர்னு ஒரு இடம். அங்க 7,500-ல இருந்து 9,000 வருஷத்துக்கு முந்தின புதைகுழிகள்ல இருந்த மனுஷங்க பல்லுல டிரில் போட்ட ஓட்டை இருந்ததை 2006-ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. கல் முனை, வில்லால சுத்துற துரப்பணம். அதுவும் உயிரோட இருக்கிறப்பவே போட்டது! மணி கோக்கறதுக்காக வளர்ந்த கைவேலையை பல்லுலயும் காட்டியிருக்காங்க. நமக்குப் பக்கத்துலயே, ஈரோடு மாவட்டத்துல நொய்யல் கரையில கொடுமணல் இருக்கு. அங்க தோண்டினப்ப சூதுபவளம், பச்சைக்கல், ஸ்படிகம்னு மணிகளும், பாதி வேலையில நின்னுபோன மணிகளும் வந்தது. ஸ்படிகமும் குவார்ட்ஸ்தான், என் சுவத்துல இருக்கிற அதே சங்கதி. அதைத் துளைக்க அதைவிடக் கெட்டியான முனை வேணும். குஜராத்துல கம்பாத் ஊர் மணிக்காரங்க சமீப காலம் வரைக்கும் வில் துரப்பணத்துல நுனியில ரெண்டு பொடி வைரம் பதிச்சு வேலை செஞ்சாங்க. கையால இழுக்கிற வில்லு, மூங்கில் குச்சி, ரெண்டு பொடி வைரம், அவ்வளவுதான் மொத்த மிஷினும்.

நம்ம ஊர்ல இதுக்குன்னே ஒரு அழகான சொல் இருக்கு. தமர். அகராதியில ஓட்டைன்னும் அர்த்தம், ஓட்டை போடுற கருவின்னும் அர்த்தம். கிணறு வெட்டறவங்க பாறையில வெடி வைக்கத் தமர் போடுறதுன்னு சொல்வாங்க. ஒருத்தர் நீளமான உளிக் கம்பியைப் பிடிச்சிருப்பார், இன்னொருத்தர் சம்மட்டியால அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் நடுவுல பிடிச்சவர் கம்பியை லேசா ஒரு திருப்பு. அடி, திருப்பு, அடி, திருப்பு. அடி பாறையை நொறுக்கும், திருப்பல் அடுத்த அடியைப் புது இடத்துல விழ வைக்கும். எங்க தாத்தா காலத்துல இந்த மலை எஸ்டேட் கிணறெல்லாம் இப்படி இறங்கினதுதான்னு அப்பா சொல்வார்.

மின்சார டிரில் வந்தது 1889-ல, ஆஸ்திரேலியாவுல. மெல்போர்ன்ல ஆர்தர் அர்னாட், வில்லியம் பிரெயின்னு ரெண்டு பேர் பேட்டன்ட் வாங்கினாங்க. கையில தூக்குற மாதிரி ஒண்ணை 1895-ல ஜெர்மனி ஸ்டுட்கார்ட்ல ஃபைன் கம்பெனி செஞ்சது. ஆனா இன்னிக்கு நாம கையில பிடிக்கிற உருவம், அதாவது துப்பாக்கிப் பிடி, விரலால இழுக்கிற விசை, இது ரெண்டும் பிளாக் அண்ட் டெக்கரோடது. பால்டிமோர்ல 1910-ல ஆரம்பிச்ச கம்பெனி. கோல்ட் கைத்துப்பாக்கியைப் பார்த்து வந்த யோசனைன்னு அவங்களே சொல்லிக்கறாங்க. 1917-ல பேட்டன்ட் கிடைச்சது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஆலைத் தொழிலாளிங்க இந்த டிரில்லை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறாங்கன்னு புகார் வந்ததாம். கம்பெனிக்காரங்க இதை வேற மாதிரி புரிஞ்சுகிட்டாங்க: வீட்டுலயும் இதுக்குத் தேவை இருக்கு! 1946-ல வீட்டுக்குன்னே மலிவா ஒரு வரிசை போட்டாங்க. நாம இன்னிக்கு வீட்டு வேலைன்னு கடையில போய் நிக்கறதோட ஆரம்பம் அங்கதான்.

ஒயர் இல்லாம வந்தது 1961-ல. அதே கம்பெனி, நிக்கல் காட்மியம் பேட்டரி, 4.8 வோல்ட். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், ஆக நாலு செல். பலம்னு பார்த்தா ரொம்பக் கம்மி. நாசாதான் கார்ட்லெஸ் டிரில்லைக் கண்டுபிடிச்சதுன்னு மெயில்ல சுத்துற கதையை நம்பாதீங்க. நாசா அதை நிலாவுக்குக் கொண்டு போச்சு, அவ்வளவுதான். ஆனா அந்தக் கதை அதைவிட சுவாரசியம்.

1971-ல அப்போலோ 15. டேவிட் ஸ்காட் நிலாவுல 3 மீட்டர் ஆழத்துக்கு ஓட்டை போட்டு, உள்ள வெப்பம் அளக்கிற கருவியை இறக்கணும். பேட்டரியில ஓடுற, அடிச்சுகிட்டே சுத்துற டிரில். மோட்டார் பிரமாதமா வேலை செஞ்சது. ஆனா பாதி ஆழத்துலயே கம்பி மாட்டிக்கிச்சு. காரணம் மிஷின் இல்லை, பிட்டு! கம்பியில சுத்தி ஓடுற பள்ளம் இருக்கு பாருங்க, அது வழியாத்தான் அறுத்த தூள் மேல வரணும். துண்டு துண்டா இணைக்கிற கம்பியில அந்தப் பள்ளம் இணைப்பு வர்ற இடத்துல சரியா அமையலை. தூள் வெளிய வராம அடைச்சுகிட்டு இறுகிடுச்சு. மண் மாதிரி எடுக்கப் போட்ட இன்னொரு குழாயை வெளிய இழுக்க ஸ்காட்டும் இர்வினும் தோள் கொடுத்துத் தம் கட்ட வேண்டியதாப் போச்சு. அடுத்த வருஷம் அப்போலோ 16-க்குப் பள்ளத்தைத் திருத்தி அனுப்பினாங்க. சார்லஸ் டியூக் ஜோரா ஓட்டை போட்டார். ஆனா ஜான் யங் கால் தடுக்கி, அந்த வெப்பக் கருவியோட ஒயர் பிய்ஞ்சு போச்சு. ஒயர் இல்லாத டிரில்லை நிலா வரைக்கும் தூக்கிட்டுப் போய், கடைசியில ஒயர்ல தடுக்கி சோதனை போச்சு. இதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்தது :-)

பேட்டரி கதையை வேகமா சொல்லிடறேன். மக்கீடா 1969-லயும் 1978-லயும் ரீசார்ஜ் டிரில் கொண்டு வந்தாங்க, ரெண்டாவது 7.2 வோல்ட். 2003-ல பாஷ் கம்பெனியோட ஐக்ஸோங்கிற குட்டித் திருப்புளி மிஷின்லதான் லித்தியம் அயான் முதல்ல கைக்கருவிக்குள்ள வந்தது. 2005-ல மில்வாக்கி அதைப் பெரிய டிரில்லுக்குள்ள கொண்டு வந்தாங்க. ஐரோப்பாவுல 2016 முடிவோட கைக்கருவிகள்ல காட்மியத்துக்கும் தடை வந்துடுச்சு. அதோட பழைய பேட்டரி யுகம் முடிஞ்சது.

ஆனா என் சுவருக்கு உண்மையில விடிவு கொடுத்தது பேட்டரி இல்லை, விடியா! பட்டறைகள்ல "விடியா பிட்டு"ன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. நான் ரொம்ப நாள் இது ஏதோ அபசகுனமான பேருன்னு நினைச்சிருந்தேன். அது ஜெர்மன். "வீ டியாமன்ட்", வைரம் மாதிரின்னு அர்த்தம். பல்பு செய்யற ஆஸ்ராம் கம்பெனிக்கு டங்ஸ்டன் இழை இழுக்க வைர அச்சு வாங்கிக் கட்டுப்படி ஆகலை. அதுக்கு மாற்றா கார்ல் ஷ்ரோட்டர்ங்கிறவர் டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்ட்டோட சேர்த்து இறுக்கி ஒரு பொருள் செஞ்சு 1923-ல பேட்டன்ட் போட்டார். எஸ்ஸன் நகரத்துக் குருப் கம்பெனி அதை வாங்கி 1926-ல விடியான்னு பேர் வச்சு வித்தது. மோஸ் அளவுல 9 பக்கம். குவார்ட்ஸ் 7-தானே! கம்பாத் மணிக்காரர் வைரத்துல செஞ்ச வேலையை ஏழைபாழைங்க செய்ய ஒரு முனை கிடைச்சது. 1964-ல பெங்களூர்ல விடியா இந்தியான்னு கம்பெனியே வந்தது. அதான் அந்தப் பேர் நம்ம பட்டறை வரைக்கும் ஒட்டிகிச்சு. என்னோட பெட்டியில இருந்த நூத்துச் சொச்சம் பிட்டுல கல்லுக்கான கார்பைடு முனை ஆறே ஆறு. நான் மழுக்கினது அதுல கூட இல்லை, இரும்புக்கான பிட்டை மாட்டியிருக்கேன். (சிரிக்காதீங்க, எல்லாம் ஒரே கருப்பாத்தான் இருந்துச்சு.)

சரி, கார்பைடு பிட்டு மாட்டினா போயிடுமா? அதையும் பார்த்தேன். கொஞ்சம் போச்சு. ஆனா அப்பவும் கல்லுல ஒரு அங்குலத்துக்கு மேல இறங்கலை. இங்கதான் அந்தக் குட்டிச் சுத்தியல் படத்தோட சூட்சுமம் இருக்கு. கார்ட்லெஸ் டிரில்ல வர்ற ஹாமர்ங்கிறது, உள்ள ரெண்டு பல்சக்கரத் தட்டு ஒண்ணு மேல ஒண்ணு கடகடன்னு ஏறி இறங்கறது. நிமிஷத்துக்கு 20,000 அடிக்கு மேல. எண்ணிக்கையைப் பார்த்து மயங்கிடாதீங்க, ஒவ்வொரு அடியும் கொசுக்கடி. நீங்க எவ்வளவு அமுக்கறீங்களோ அவ்வளவுதான் பலம். செங்கல்லுக்குப் போதும், சிமென்ட் பூச்சுக்குப் போதும். சார்னோக்கைட்டு அதைச் சட்டை பண்ணாது.

ரோட்டரி ஹாமர்ங்கிறது வேற சாதி. அதுக்குள்ள காத்தை அமுக்கி ஒரு பிஸ்டன் உண்மையாவே அடிக்குது. நிமிஷத்துக்கு 4,000, 5,000 அடிதான். ஆனா சின்ன மிஷின்லயே ஒரு அடிக்கு 2 ஜூல் வரும், அதாவது 2 கிலோ எடைக்கல்லை 10 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து போட்ட மாதிரி. 1932-ல பாஷ் இந்த வகையில ஒண்ணைக் கொண்டு வந்தது, பிட்டு வழுக்காம முன்னும் பின்னும் நகர்ற எஸ்டிஎஸ் பிடிப்பு 1975-ல வந்தது. இதைப் படிச்சதும் பளிச்சுன்னு புரிஞ்சது. அடி, திருப்பு, அடி, திருப்பு. கிணத்துல தமர் போட்ட ரெண்டு பேரையும் ஒரே டப்பாவுக்குள்ள அடைச்சிருக்காங்க!

அப்ப கார்ட்லெஸ் வாங்கினது தண்டமான்னு கேட்டா, இல்லை. நான் தேர்ந்தெடுத்த முறைதான் தப்பு. டப்பாவுல இருந்து ஆரம்பிச்சேன், சுவத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கணும். இந்த மலையில வீடு வச்சிருக்கறவங்களுக்கு, ஏன், உங்க எல்லாருக்குமே என் அபிப்பிராயத்தைச் சொல்லிடறேன்.

வீட்டு வேலையில பத்துக்கு எட்டு மரமும் திருகாணியும்தான். எங்க வீட்டு அலமாரி காப்பித் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக்கு. அதுக்கு 12 வோல்ட் மிஷினே தாராளம், எடையும் பாதி. வோல்ட் கணக்குலயும் கொஞ்சம் வியாபாரம் இருக்கு. லித்தியம் செல் ஒண்ணு 3.6 வோல்ட். மூணு செல் 10.8, முழுசா சார்ஜ் ஏத்தினதும் 12-ஐத் தாண்டும், அதைத்தான் 12-னு போடறாங்க. அஞ்சு செல் 18. அதையே சில பேர் 20-னு அச்சடிக்கறாங்க. 18-ம் 20-ம் ஒரே சரக்கு. வோல்ட்டை விட நான் பார்க்கச் சொல்றது, ரெண்டு கியர் இருக்கா, கழுத்துல எண் போட்ட வளையம் இருக்காங்கறதுதான். அந்த வளையம் கிளட்ச். ஆணி தலை மட்டத்துக்கு வந்ததும் கடகடன்னு விட்டுடும். அது இல்லைன்னா சில்வர் ஓக்கு பிளந்துடும், இல்லாட்டி உங்க மணிக்கட்டு திரும்பும்.

திருகாணின்னதும் ஒண்ணு. ஸ்டார் தலை ஆணி வந்ததே மிஷினுக்காகத்தான். 1936-ல அமெரிக்காவுல ஹென்றி ஃபிலிப்ஸ் அதுக்குப் பேட்டன்ட் வாங்கினார், கார் ஆலைங்க தூக்கி வச்சுகிச்சு. முனை தானா நடுவுல போய் உக்காரும், அதான் ரகசியம். எங்க வீட்டுக் கதவுக் கீலெல்லாம் அதுக்கு முந்தின ஒத்தைக் கோடு ஆணி. அதுல மிஷினை வச்சா வழுக்கி மரத்தைக் கிழிச்சுடும். அங்க தாத்தாவோட மரப்பிடித் திருப்புளிதான் ராஜா.

பரண் டிரில் கதைக்கு வர்றேன். 2009-ல சித்தப்பா பையன் அமெரிக்காவுல இருந்து ஆசையா ஒண்ணு கொண்டு வந்தான். அந்த சார்ஜர் 120 வோல்ட்டுக்கு மட்டும். நம்ம 230-ல செருகினேன், டப்புன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அதுக்கப்புறம் சேலத்துல வேற சார்ஜர் தேடிப் பிடிச்சு மூணு வருஷம் ஓட்டினேன். 2012-ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் போனப்ப தெருவுக்கே அதான் டிரில். அப்புறம் பேட்டரி செத்துச்சு, அந்த மாதிரி பேட்டரி செய்யறதையே நிறுத்திட்டாங்க. மிஷின் நல்லா இருக்கு, சாப்பாடு இல்லை. வெளிநாட்டுல இருக்கிற நண்பர்கள் ஊருக்கு வாங்கிட்டு வர்றதா இருந்தா சார்ஜர் முதுகைப் படிங்க. தனியா வர்ற பேட்டரியைக் கைப்பையில வைங்க, லித்தியத்தைப் பெட்டிக்குள்ள போட்டு விமான சரக்குல விட மாட்டாங்க. வாங்கறப்பவே ரெண்டு பேட்டரியா வாங்குங்க. அடுத்து வாங்கற மிஷினும் அதே பேட்டரி பிடிக்கிற குடும்பமா பார்த்துக்கங்க.

அப்புறம் நூறு பிட்டுப் பெட்டி வேண்டவே வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல கார்பைடு பிட்டு நாலு வாங்கலாம். ஏற்காட்டு மூடுபனிக்கு மலிவு பிட்டெல்லாம் ரெண்டே மாசத்துல துருப்பிடிச்சுப் பெட்டியோட ஒட்டிக்கும்.

பிளக்கைச் சொல்லாம விட்டா பாவம். முன்னெல்லாம் சுவத்தைக் கொத்தி மரக்கட்டையை அடிச்சு அதுல ஆணி இறக்குவாங்க. பிரிட்டிஷ் மியூசியத்துல சுவத்தைப் பாழாக்காம வேலை செய்யணும்னு கேட்டதால ஜான் ராலிங்ஸ் 1911 வாக்குல சணல் நார்ல செஞ்ச குட்டிக் குழல்தான் ரால்பிளக். 1958-ல ஜெர்மனிக்காரர் ஆர்தர் ஃபிஷர் அதை நைலான்ல செஞ்சார். திருகாணி உள்ள போறப்ப விரிஞ்சு சுவத்தை இறுக்கிப் பிடிக்கிறதுதான் வேலை. பிடிக்கறதுக்கு உறுதியா ஏதாவது இருக்கணும். பொடிப்பொடியா உதிர்ற சுண்ணாம்புச் சாந்தை எந்த ஃபிஷர் பிளக்கு பிடிக்கும்?

போன மாசம் மேஸ்திரியோட ரோட்டரி ஹாமரை ஒரு நாள் வாடகைக்குக் கேட்டேன். "வாடகையா, அட போங்க தம்பி"ன்னு கொடுத்துட்டார். ஒயர் இருக்கிற மிஷின்தான். எஸ்டிஎஸ் பிட்டு, 10 மில்லிமீட்டர். கல்லோட ஓரத்துல இல்லாம நடுவுல வர்ற மாதிரி கம்பியை நகர்த்தி நகர்த்திக் குறி போட்டேன். ஒவ்வொரு ஓட்டையும் அரை நிமிஷத்துக்குள்ள. பச்சை கலந்த சாம்பல் தூள் குபுகுபுன்னு வந்தது. அப்போலோக்காரங்க ஞாபகத்துல நடுவுல நடுவுல வெளிய இழுத்துத் தூளைத் தள்ளினேன், கடைசியில சைக்கிள் பம்ப்பை வச்சு ஊதினேன். நைலான் பிளக்கு, துருப்பிடிக்காத ஆணி. ஆணியை மட்டும் என் 18 வோல்ட்டால முறுக்கினேன், அதுக்கும் ஒரு மரியாதை வேணுமே.

அப்புறம் நான் தொங்கிப் பார்த்தேன். 74 கிலோ. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் ரெண்டு கையாலயும் பிடிச்சு, சுவத்துல ஒரு காலை ஊனி இழுத்தார். அசையலை. "ம்"னார்.

சாயங்காலம் அப்பா குளிக்கப் போனார். கதவுக்கு வெளிய காதை வச்சுகிட்டு நின்னேன். வெளிய வந்தப்புறம் உள்ள போய்ப் பார்த்தா, கம்பி மேல ஈரத் துண்டைக் காயப் போட்டிருக்கார்.